எடுக்கச் சொல்லி வைத்த சிப்பாய்

குறிச்சிப்புதூர் நூல்மில் மனமகிழ் மன்றத்தில், மார்கழி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, செஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில், நாகமாணிக்கம் இரண்டாவதாக நகர்த்திய வெள்ளைச் சிப்பாய் வைத்த கட்டத்திலேயே தளிர்விட்டது என்பதை அந்த ஊரில் இன்றுவரை யாரும் மறுப்பதில்லை. தளிர் ஒன்றா இரண்டா என்பதில்தான் சண்டை. எதிரே உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு மட்டும் அது இரண்டு என்று சந்தேகமில்லாமல் தெரியும். முதல் தளிர் எட்டிப் பார்த்தபோது அவர் வயிறு ஒரு தடவை எரிந்தது, அடுத்தது எட்டிப் பார்த்தபோது இன்னொரு தடவை எரிந்தது.

சென்னியப்பனும் நாகமாணிக்கமும் சகலைகள். அக்காள் ருக்குமணியைக் கட்டியவர் சென்னியப்பன், தங்கச்சியைக் கட்டியவன் நாகமாணிக்கம். ஏழு வருசம் அந்த வீட்டுக்கு ஒற்றை மாப்பிள்ளையாக இருந்து, போனால் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, கோழிக்குழம்பில் கால் இரண்டும் அவர் இலைக்கு, கிளம்பும்போது மாமனார் பஸ் ஏறும்வரை கூட வருவது என்று வாழ்ந்தவருக்கு, எட்டாம் வருசம் சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். கோழிக்கு ஆண்டவன் இரண்டு கால்தான் வைத்திருக்கிறான். ஆளுக்கொன்று என்று மாமியார் பங்குபோட்ட அன்றைக்குச் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பார், ஆனால் அந்த ஆள் தன் இலையில் விழுந்த காலைக் காட்டி, "எனக்கு ஈரல் போதுமுங்க அத்தை, இதையும் சகலைக்கே வைங்க" என்றான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தங்கமான மாப்பிள்ளை என்று வீடே அவனைக் கொண்டாடியது. கால் இரண்டும் திரும்பி வந்துவிட்டன, ஆனால் முன்பு மரியாதையாக வந்தது இப்போது பிச்சையாக வந்தது.

அன்று முதல் சகலை கையிலிருந்து ஒரு துரும்பும் வாங்குவதில்லை என்று சென்னியப்பன் வைத்துக்கொண்டார். மில்லுக்கு டெம்போ ஓட்டுகிற நாகமாணிக்கம், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க சகலை" என்பான். "வேண்டாங்க சகலை, நடக்கறது ஒடம்புக்கு நல்லது" என்று இவர் கொளுத்துகிற வெயிலில் நடப்பார். வெற்றிலை நீட்டினால் பல்வலி, காப்பி வாங்கிக் கொடுத்தால் வயிற்றுக்கோளாறு. நாகமாணிக்கம் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை, மறுநாளும் நீட்டுவான். சென்னியப்பனுக்கு மில்லில் நூல் தரம் பார்க்கிற வேலை. நூல்சிட்டத்தைத் தராசில் தொங்கவிட்டு இழை வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர். இருபது வருசம் அதையே பார்த்த கண், மாமனார் வீட்டில் இரண்டு தம்ளர் மோர் வைத்தாலும் எது ஒரு விரற்கடை கூட என்று முதலில் பார்த்துவிடும்.

ஒன்றே ஒன்றில்தான் அவர் நிம்மதியாக இருந்தார். செஸ்ஸில் பதினோரு வருசமாக மன்றத்துக் கோப்பை அவர் வீட்டு அலமாரியை விட்டு வேறெங்கும் போனதில்லை. ஆனாலும் ஒரே துவக்கத்தை ஆடி ஆடி ஊருக்கே அது மனப்பாடமாகிவிட்டது என்று, கோயமுத்தூர் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, ராணி காம்பிட் என்கிற துவக்கத்தை ஆடி மாதத்திலிருந்து கார்த்திகை வரைக்கும் யாருக்கும் சொல்லாமல் படித்தார். சங்கதி இதுதான்: வெள்ளை, ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும், கறுப்பும் அப்படியே தள்ளி எதிரே நிறுத்தும், உடனே வெள்ளை, பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, கறுப்புச் சிப்பாயின் வாய்க்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, இந்தா எடுத்துக்கோ என்று கைகட்டி உட்கார்ந்துவிடும். எடுத்தால் ஒரு வில்லங்கம், எடுக்காவிட்டால் வேறொரு வில்லங்கம். நீட்டுகிறவனுக்கு இத்தனை பலமா என்று சென்னியப்பன் ஐந்து மாதமும் அதிசயப்பட்டுக்கொண்டே இருந்தார்.

விதி பாருங்கள், இறுதி ஆட்டத்துக்குத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தவன் நாகமாணிக்கம். சீட்டுப் போட்டதில் வெள்ளைக் காய் அவனுக்கு. ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான், சென்னியப்பனும் தள்ளினார்; அடுத்து அவன் சிரித்தபடியே பக்கத்துச் சிப்பாயையும் தள்ளி அவர் வாய்க்கு நேரே வைத்தான். ஐந்து மாதம் பூட்டி வைத்த பெட்டி தெருவில் திறந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆட்டத்தில் பேசக் கூடாது என்பதையும் மறந்து, "இதை எங்க புடிச்சீங்க சகலை?" என்று கேட்டுவிட்டார்.

"உங்க ஊட்டுலதானுங்க. ஐப்பசில சீத்தாப்பழக் கூடையோட வந்தேனே, வேண்டாம்னு திருப்பி அனுப்புனீங்களே, அன்னிக்குப் பலகைல இப்படித்தான் வெச்சிருந்தீங்க. பாக்க நல்லா இருந்துச்சு, அதான்" என்றான் நாகமாணிக்கம், களங்கமில்லாமல்.

அப்போதுதான் அந்தச் சிப்பாயின் மண்டையைப் பிளந்துகொண்டு, அரக்குப் பூச்சு சற்றே உரிந்து, பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், பேப்பர் படித்தவர்கள் எழுந்து வந்தார்கள், காலை ஷிப்டு விட்டு வந்தவர்கள் தலையில் பஞ்சோடு ஜன்னலில் ஏறி நின்றார்கள். நடுவர் ஆரோக்கியசாமி வாத்தியார், மில் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், விதிக்கு வெளியே மூச்சுகூட விடாதவர், கண்ணாடியை மாட்டி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "காய் தளிர்க்கக் கூடாதுன்னு எங்கியும் இல்ல. ஆட்டம் செல்லும்" என்றார். ஆனால் கூட்டம் மேசையை நெருக்கி, யாரோ ஒருவர் முழங்கை பட்டு யானை ஒன்று சாயப் போக, ஆட்டத்தைத் தள்ளிவைக்கிறேன் என்று கடிகாரத்தை நிறுத்தினார்.

தள்ளிவைக்கிற ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுத்து யார் ஆட வேண்டுமோ அவர், தான் ஆடப்போவதை யாருக்கும் காட்டாமல் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உட்காரும் நாளில் நடுவர் பிரித்துப் படிப்பார். எழுதியதைத்தான் ஆட வேண்டும், மாற்ற முடியாது. சென்னியப்பன் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பதினோரு வருசமாக அதே பலகை, அதே காய்கள், அவர் விரல் பட்டுப் பட்டே மெருகு போன காய்கள், அவருக்கு ஓர் இணுக்கு விட்டதில்லை. பழக்கூடை கொண்டுவந்த சாக்கில் எட்டிப் பார்த்துப் போனவனுக்கு, தொட்டதும் தளிர்க்கிறதா? பிடுங்கு என்றது மனசு. 'சிப்பாய் சிப்பாயை எடுக்கிறது' என்று எழுதினார். எழுதிய வேகத்தில் அடித்தாளிலும் எழுத்துப் பதிந்துவிட்டதைப் பார்த்து, அந்தத் தாளையும் கிழித்து வாயில் போட்டு மென்றுகொண்டேதான் உறையைக் கொடுத்தார். வாத்தியார் அதை மன்றத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த ஞாயிறே ஆட்டம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் அதற்குள் சிப்பாயின் அடி பலகையோடு ஒட்டிக்கொண்டது, பலகைக்கு அடியில் மேசை மரத்தில் வெள்ளை நூல்போல வேர் தெரிந்தது, விவசாய ஆபீசர் ஜீப்பில் வந்து பார்த்து, "கொய்யாங்க. வடக்கத்தி ரகம். செஸ் செட்டு டெல்லியில வாங்குனதுங்களா?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார். கொய்யா என்று பேர் தெரிந்ததும் ஊருக்குப் பயம் போய்விட்டது. செடி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், நிலைக்கட்டும், அப்புறம் ஆடிக்கொள்ளலாம் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் தண்ணீர் மொண்டுவந்து, கட்டம் நனையாமல், ஆளுக்கு நாலு சொட்டு ஊற்றினார்கள். கூட்டம் அதிகமாகித் தகராறு வந்ததால், ஸ்பின்னிங் பிரிவுக்குத் திங்கள், ரீலிங் பிரிவுக்குச் செவ்வாய் என்று நோட்டீஸ் போர்டில் முறை எழுதி ஒட்டினார்கள். பஸ் கண்டக்டர்கள் மில் ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டு, "செஸ்மரமெல்லாம் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள். கேரம்காரர்கள் ஒரு சிவப்புக் காயைப் பூந்தொட்டியில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள், அது ஊறி வீங்கியதுதான் மிச்சம்.

வாத்தியாருக்குத்தான் ஓயாத வேலை. பக்கத்துக் கட்டத்தில் செடியின் நிழல் விழலாமா என்று ஒருவன் கேட்டான். விழலாம், நிழல் காய் அல்ல என்றார். பழுத்த இலை ஒன்று கறுப்பு ராஜாவின் காலடியில் விழுந்தபோது, அதை எடுப்பதா விடுவதா என்று அரைநாள் யோசித்து, இடுக்கியால் எடுத்து விதிப்புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மஞ்சள் பூசக் கூடாது, கயிறு கட்டக் கூடாது என்று போர்டு எழுதினார். யார் வேண்டுமானாலும் செடியைத் தொடலாம், ஆட்டக்காரர்கள் இருவரைத் தவிர. சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க ரெம்பச் சூதானமா இருக்கோணும். எதிராளி காயைத் தொட்டா எடுத்தே ஆகோணும். கையைப் பின்னால கட்டிக்கங்க" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் ஷிப்டு விட்டதும் சென்னியப்பன் மன்றத்துக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செடியை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றைக்காவது வாடியிருக்காதா என்று பார்க்கத்தான் வருவார். அது ஒவ்வொரு நாளும் தெளிந்துகொண்டு போகும். பார்க்கிறவர்களுக்கு அந்த வயிறு தெரியுமா? கைகட்டித் தலைகுனிந்து நிற்பது மட்டும்தான் தெரிந்தது. "பாருங்கப்பா, தொடக்கூட மாட்டேங்கறாரு. கோப்பை போனாலும் போகுதுன்னு எடுக்காமத்தான் எழுதியிருப்பாரு" என்று ரீலிங் பிரிவு பெண் ஒருத்தி சொன்னதை மறுநாள் மில்லே சொன்னது. டீக்கடையில் அவருக்கு ஏடு மிதக்கிற டீ வந்தது. மேனேஜர் கார் நின்று வணக்கம் சொல்லிப் போனது. ஆமாம் என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி ஒரு தினுசாகச் சிரித்து வைத்தார், அதை ஊர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது, மாமனார் வாசல்வரை வந்து, "வாங்க மாப்ள, உங்க மனசு ஆருக்கு வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் கறி விருந்தில் மாமியார் யாரும் சொல்லாமல், தானாகவே, கோழிக் கால் இரண்டையும் பெரிய மாப்பிள்ளை இலையில் வைத்தாள். அதோடு நிற்காமல் ஈரலையும் அங்கேயே வைத்தாள். சின்ன மாப்பிள்ளைக்குக் கழுத்துத் துண்டு. சின்ன மாப்பிள்ளை வந்த பிறகு முதல் தடவையாக நேர்வழியில் வந்த கால்கள். நாகமாணிக்கம் கழுத்தைக் கடித்துக்கொண்டே, "சகலைக்கு எத்தனை வெச்சாலும் தகுமுங்க அத்தை. நானா இருந்தா அந்நேரமே எடுத்திருப்பேன்" என்றான். சென்னியப்பன் அவன் பக்கம் திரும்பாமல் ஈரலையும் விடாமல் சாப்பிட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் ருக்குமணி அவர் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, உங்களைக் கட்டுனதுக்கு இன்னிக்குத்தான் எனக்குப் பெருமையா இருக்குது" என்றாள். அவர் ஜன்னல் வழியாகக் கரும்புக் காட்டைப் பார்த்தபடி வந்தார்.

பீரோவுக்குள் உறை இருந்தது. தையும் பாதி கழிந்தபோது சென்னியப்பன் வாத்தியாரிடம் போய், யாருக்கோ கேட்பதுபோல, "ஆட்டத்தையே ஒருத்தர் உட்டுக்குடுத்துட்டா உறையை என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பிரிக்க வேண்டியதில்ல. அப்படியே கிழிச்சுப் போட்டுருவேன்."

ஆக, வழி இரண்டுதான். கோப்பையைச் சகலைக்கு விட்டுக்கொடுத்தால் உறை கிழிந்துபோகும். பெரிய மனுசன் என்கிற பேரும், கோழிக் காலும், ருக்குமணி பஸ்ஸில் சாய்ந்த தோளும் அவருக்கே நிலைக்கும். விட்டுக்கொடுக்காவிட்டால் அத்தனை பேர் முன்னால் உறை பிரியும். சென்னியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்து, விட்டுக்கொடுப்பதென்றே முடிவுசெய்து, நாற்பத்தெட்டு நாளும் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளை வேட்டி கட்டி, ருக்குமணியைப் பின்னால் நடக்கவிட்டு, மனசுக்குள் தியாகி ஆகிக்கொண்டே மன்றத்துக்கு வந்தார்.

வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பச்சைப் பெயிண்டில், ஈரம்கூடக் காயாமல், 'நாகமாணிக்கம் துவக்கம், இவ்விடத்தில் ஆடப்பட்டது' என்று எழுதியிருந்தது.

சென்னியப்பன் அதை இரண்டு தடவை படித்தார். ஆடியிலிருந்து கார்த்திகைவரை முதுகு ஒடிய உட்கார்ந்து படித்தவர் ஒருத்தர், பேர் இன்னொருத்தனுக்கா? "நான் வேண்டாம்னுதான் சொன்னேனுங்க சகலை, இது உங்க ஆட்டம்னு சொன்னேன், கமிட்டிக்காரங்க கேக்கல" என்று நாகமாணிக்கம் ஓடிவந்து சொன்னது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டதாயிற்று. பேரையும் வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொன்ன நல்ல பேரையும் வாங்கிக்கொண்டானே. தியாகம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. சென்னியப்பன் விறுவிறுவென்று உள்ளே போய்க் கறுப்புக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, "பிரிங்க சார்" என்றார்.

செடி ஒரு சாண் உயரத்தில், ஒன்பது இலைகளோடு நின்றது. மன்றத்தில் மூச்சுவிட இடமில்லை, மாமனாரும் வந்திருந்தார். வாத்தியார் உறையின் ஓரத்தை ஒட்டக் கத்தரித்து, சீட்டைப் பிரித்து, முதலில் தனக்குள் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, சத்தமாகப் படித்தார். "சிப்பாய் சிப்பாயை எடுக்கிறது."

யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பாலாடையைக் கையில் வைத்திருந்த பெண்கள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள். மாமனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ருக்குமணி சென்னியப்பன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் கை பின்னால் இருந்ததன் காரணம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது. அவளும் போய்விட்டாள்.

"கடிகாரம் ஓடுது. எழுதுனதை ஆடோணும்" என்றார் வாத்தியார்.

சென்னியப்பன் செடியைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், மேசைதான் நகர்ந்தது. நெற்றி வியர்வை பலகையில் சொட்டியது. அப்போது நாகமாணிக்கம் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, பலகையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை அவர் கைகளுக்குக் கீழே, தண்டின் அடியில் கொடுத்து, "இப்ப இழுங்க சகலை. சங்கடப்படாதீங்க, எடுக்கறதுக்குத்தானுங்களே வெச்சது" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். சென்னியப்பனுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்ததும், ஒரு முனகலோடு, வேர் முடிச்சும் மரத்தூளுமாகச் செடி கையோடு வந்துவிட்டது. கட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தது. தன் சிப்பாயை அதில் வைத்தபோது கழுத்தளவு உள்ளே இறங்கி மண்டை மட்டும் வெளியே நின்றது. செல்லும் என்றார் வாத்தியார்.

நாற்பத்தோராவது நகர்த்தலில் சென்னியப்பன் ஜெயித்தார். கைதட்டலே இல்லாமல் வாங்கிய கோப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியவரை வாத்தியார் நிறுத்தி, எடுத்த காய் எடுத்தவர் பக்கம்தான் சேரும் என்று செடியையும் கொடுத்தனுப்பினார். சகலை கையிலிருந்து எதையும் வாங்காதவர் முதன்முதலாக எடுத்துவந்த பொருள் அதுதான். வீட்டுக் கொல்லையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நட்டார்.

செடி சாகவில்லை; வளரவும் இல்லை. எரு வைத்தார், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார், வேலி கட்டினார். மாசி போய்ப் பங்குனி போயும் அதே ஒன்பது இலைகள். பழுத்து விழவுமில்லை, புதிதாக விடவுமில்லை. ருக்குமணி சமைத்தாள், துவைத்தாள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கோழி எடுக்கிற வாரத்தில் கால் இரண்டையும் சத்தமில்லாமல் அவர் இலையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அப்படி வைக்கிற காலைத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

சித்திரை முதல் தேதி, யாரும் கூப்பிடாமல், நாகமாணிக்கம் வந்தான். கொல்லைப்பக்கம் போய்ச் செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டெம்போ கிளட்ச் தேய்ந்துபோன கதையைச் செடிக்கும் சென்னியப்பனுக்கும் சேர்த்துச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் சென்னியப்பன் எண்ணிப் பார்த்தார், பத்து. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினார், பத்தேதான். நூல் தரம் பார்க்கிறவர் ஆயிற்றே, சோதிக்காமல் விடுவாரா? பால்காரியைக் கொண்டுவந்து செடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார், தபால்காரரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துப் பார்த்தார், ஆரோக்கியசாமி வாத்தியாரையே வரவழைத்து விதிகளைப் படிக்கவிட்டும் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. சகலை வந்துபோகிற அன்றைக்கு ஓர் இலை, வராத அன்றைக்கு ஒன்றுமில்லை.

இப்படி ஒரு தண்டனை எந்தப் பொறாமைக்காரனுக்காவது கிடைத்திருக்குமா? யாருடைய செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் கதவைச் சாத்தத் தோன்றுமோ, அந்த ஆளையே சென்னியப்பன் வழிமறித்து, "ஞாயித்துக்கெழமை சும்மாதான இருப்பீங்க, வந்துட்டுப் போங்க சகலை" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அவனும் வந்தான். வந்தால் சும்மா உட்கார முடியுமா, கொல்லையில் பலகை போட்டார்கள். வாரம் தவறாமல் நாகமாணிக்கம் வெள்ளை வைத்துக்கொண்டு அதே சிப்பாயைத் தள்ளி அதே இடத்தில் நீட்டுவான். "வேண்டாங்க சகலை" என்று சென்னியப்பன் எடுக்காமல் வேறு காயை நகர்த்துவார். அவன் தோற்றுத் தோற்றுச் சிரிப்பான், இவர் ஜெயித்து ஜெயித்து முகம் சுளிப்பார். பொறாமை போனதா என்றால் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஓர் இலை கூடியது, அதுவும் கூடியது. மூன்று வருசத்தில் செடி மரமாகிக் குழாய்க்கு நிழல் விழுந்தது.

நான்காம் வருசம் ஒரே ஒரு பூ நின்று, ஒரே ஒரு காய் பிடித்தது. சென்னியப்பன் அணிலுக்குப் பயந்து பழைய வேட்டித்துணியைக் கட்டிவைத்தார், காலையும் மாலையும் அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். பழுத்தால் தானே தின்பது, ஒருத்தருக்கும் சொல்வதில்லை, அவனுக்கு நிச்சயமாக இல்லை என்று முடிவாக இருந்தார். அது பழுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பறித்துக் கையில் வைத்திருக்கும்போதே வாசலில் டெம்போ நின்றது.

ருக்குமணி வந்து கத்தியை நீட்டினாள். அவர் வாங்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றாள். சென்னியப்பன் பழத்தைப் பலகையின் நடுவில் வைத்து, ஒரு கண்ணை மூடி அளவு பார்த்து, இரண்டாக வெட்டினார். பழம் ஒருபக்கம் சரிந்து வளர்ந்திருந்தது. எத்தனை பார்த்து வெட்டியும் ஒரு பாதி ஒரு நூலளவு பெரிதாகிவிட்டது. அந்த நூலளவு அவர் கண்ணுக்குத் தப்புமா? தட்டில் வைத்தார். பெரியது தன் பக்கம் இருக்கும்படி வைத்தார். அப்புறம், ருக்குமணி பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, தட்டைத் திருப்பி வைத்து, சகலை முன்னால் நகர்த்தினார்.

"வேண்டாங்க சகலை, உங்க மரம், மொதப் பழம். நீங்களும் அக்காவும் சாப்புடுங்க."

"எடுத்துக்குங்க சகலை" என்றார் சென்னியப்பன். தன் வாயிலிருந்து அது வருவது அவருக்கே விசித்திரமாக இருந்தது. "எடுக்கறதுக்குத்தானுங்களே வெச்சது."

கோழிக் காலை வேண்டாம் என்றவன், ஈரலையும் விட்டுக்கொடுத்தவன், கோப்பையைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவன் தட்டைப் பார்த்தான். மறுபடி வேண்டாம் என்பான் என்றுதான் சென்னியப்பன் நினைத்தார், உள்ளுக்குள் நம்பிக்கொண்டும் இருந்தார். நாகமாணிக்கம் கையை நீட்டி, யோசிக்காமல், பெரிய பாதியை எடுத்தான்.

சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. சின்னப் பாதியை இரண்டாக்கி ருக்குமணிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வாயில் போட்டார்.

"நல்லா இருக்குதுங்களா சகலை?" என்று கேட்டார், மெல்லுகிறவனின் வாயைப் பார்த்தபடி.

"சக்கரையா இருக்குதுங்க."

சென்னியப்பன் இன்னும் இரண்டு தடவை மென்று விழுங்கினார். "என்னுது அதை விட நல்லா இருக்குது" என்றார்.

ருக்குமணி சிரித்துவிட்டாள், நான்கு வருசத்தில் முதல் தடவையாக, வாய்க்குள் பழத்தோடு.